‘கேரி’க்கு நான்கு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திகில் படங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 1976-இல் பிரையன் டி பால்மா இயக்கிய ‘கேரி’ படத்துக்கு அதில் கிடைத்தது நான்கே வரி. தந்திரக் காட்சிகள் பழசாகிவிட்டன, இன்றைய பிள்ளைகளுக்குப் பயம் வராது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பள்ளி மாணவி கேரிக்கு இருக்கும், தொடாமலே பொருளை அசைக்கும் அந்தச் சக்தி படத்தில் எவ்வளவு நேரம் வருகிறது? ஒரு பல்பு வெடிக்கிறது. பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்லும் தலைமை ஆசிரியரின் மேஜையிலிருந்து சாம்பல் கிண்ணம் விழுகிறது. கேலி செய்த சிறுவன் சைக்கிளோடு சாய்கிறான். வீட்டில் ஒரு கண்ணாடி விரிசல் விடுகிறது, ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்கின்றன. பள்ளி நடன விருந்து வரைக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஒரு பெண் எப்படி நசுக்கப்படுகிறாள் என்பதைத்தான் பார்க்கிறோம். பள்ளி இறுதி வகுப்புக்கு வந்த பிறகும் மாதவிலக்கு என்றால் என்னவென்று அவளுக்குத் தாய் சொல்லித் தரவில்லை. குளியலறையில் ரத்தத்தைப் பார்த்துச் சாகப்போகிறோம் என்று அலறுகிறாள். கூடப் படிக்கும் பெண்களோ நாப்கின்களை அவள் மேல் வீசிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்தத் தந்திரமும் இல்லாத காட்சி அது.

தாயாக வரும் பைப்பர் லாரியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 1961-இல் வந்த ‘தி ஹஸ்ட்லர்’ படத்துக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் சினிமாவை விட்டு விலகியிருந்து, இந்தப் படத்தில்தான் திரும்பி வந்தார். மகளை அலமாரி அறையில் பூட்டி ஜெபம் செய்ய வைக்கும் தாய் அவர். எப்போதும் கத்துகிறவர் என்றால் பழகிப்போயிருக்கும். இவர் கனிவாகவும் பேசுகிறார், அதுதான் நடுங்க வைக்கிறது. கடைசியில் மகளைக் கட்டிப்பிடித்து, இருவரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போதே அவள் முதுகில் கத்தியை இறக்குகிறார். கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக், பைப்பர் லாரி இருவருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். திகில் படத்தில் நடித்தவர்களை ஆஸ்கர்காரர்கள் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

அப்புறம் அந்த நடன விருந்து. கேரியை அவமானப்படுத்தக் கட்டிவைத்த பன்றி ரத்த வாளி மேலே தொங்குவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. டி பால்மா அவசரப்படவே இல்லை. அவளும், அவளை விருந்துக்கு அழைத்து வந்த டாமியும் ஆடும்போது கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சந்தோஷமாக இருக்கிறாள், நாமும் அந்த வாளியை மறக்கவே விரும்புகிறோம். ரத்தம் கொட்டிய பிறகு எல்லோரும் சிரிப்பதாக அவளுக்குத் தெரிகிறது. அவளிடம் அன்பாக இருந்த ஆசிரியை மிஸ் காலின்ஸ்கூட. கலைடாஸ்கோப்பில் பார்ப்பதுபோல் முகங்கள் சிதறிச் சுழல்வதைக் கவனியுங்கள். அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி, ‘எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்’ என்று தாய் ஏற்றி வைத்த பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே அவள் தன் சக்தியால் எல்லோரையும் தாக்கும்போது கெட்டவர்களோடு மிஸ் காலின்ஸும் சாகிறார். படத்துக்கு மூலமான ஸ்டீபன் கிங்கின் 1974 நாவலில் அந்த ஆசிரியை தப்பிவிடுகிறார். படம் அவரைக் கொன்றதால், இது பழிவாங்கும் கதை என்று நாம் கைதட்டிவிட்டுப் போக முடியாமல் ஆகிறது.

குறையே இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. தொடக்கத்தில் உடை மாற்றும் அறையில் பெண்களின் உடல்மேல் கேமரா மெதுவாக ஊர்கிறதே, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. பையன்கள் கோட்டு வாடகைக்கு எடுக்கும் இடத்தில் படத்தை வேகமாக ஓட விட்டிருப்பதும் அசட்டுத்தனம்.

ஆனால் தந்திரக் காட்சிதான் அளவுகோல் என்றால், 2013-இல் கம்ப்யூட்டர் வசதியெல்லாம் சேர்த்து எடுத்த மறுபதிப்பு இதைத் தாண்டியிருக்க வேண்டுமே! அதில் கேரி கைகளை நீட்டி நீட்டிப் பொருள்களைப் பறக்க விடுகிறாள். சூப்பர் ஹீரோ படம் மாதிரி இருக்கிறது. ஸ்பேசெக் உடம்பை விறைத்துக்கொண்டு கண்ணை விரிக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கண்களில் கோபம்கூட இல்லை, ஆள் எங்கேயோ போய்விட்டாள்.

பைப்பர் லாரி 2023 அக்டோபரில் காலமானார். அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இளைய வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 2013 படத்தைப் பார்ப்பதற்கு முன் 1976 படத்தைப் பாருங்கள். கைப்பேசியில் வேண்டாம், சத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில் பாருங்கள். பீனோ டொனாஜியோவின் இசை இல்லாமல் படத்தின் கடைசிக் காட்சி பாதிதான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி