மூடுபனியில் கண் தெரியாத கருவி வேண்டாம்: பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மலையக ஊரான ஹட்டனில் இருக்கும் எங்கள் பாடசாலையின் துப்பாக்கிச் சுடுதல் அணிக்கு ஒரு குரோனோகிராஃப், அதாவது சன்னம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் கருவி, வாங்கித் தரச் சங்கம் பணம் ஒதுக்கியிருப்பதாக அதிபர் சொன்னார். மனம் நிறைந்துவிட்டது. ஆனால் நீங்கள் தெரிவுசெய்த கருவியின் படத்தைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் காசு போட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் வாசிக்கும்படி திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

இந்தக் கருவி எங்களுக்கு எதற்கு என்பதைச் சொல்ல, நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற வருடம் மாகாணப் போட்டிக்கான பயிற்சியில், எங்கள் மாணவி ஒருத்தியின் இலக்குத் தாளில் சன்னங்கள் மேலும் கீழுமாக விழத் தொடங்கின. இடம் வலம் பிசகவில்லை; ஒரே நேர்கோட்டில் மேலிருந்து கீழே. மூச்சை அடக்கத் தெரியவில்லை என்று நான்தான் அவளிடம் சொன்னேன். ஒரு தரமல்ல, மூன்று வாரம் சொன்னேன். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பயிற்சிக்கு வருகிற பிள்ளை அவள். வீட்டிலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள் என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார்.

கண்டியிலிருந்து வந்த ஒரு பயிற்றுநர் தன் கருவியை வைத்து அந்த ரைபிளை 10 தரம் சுட்டுப் பார்த்தார். செக்கனுக்கு 171 மீற்றர், 170, 158, 169, 150 என்று எண்கள் ஏறி இறங்கின. நல்ல நிலையில் இருக்கும் போட்டி ரைபிள் என்றால் 10 சூட்டுக்கும் இடையில் மூன்று நான்கு மீற்றர் வித்தியாசத்துக்கு மேல் வரக்கூடாது. காற்றை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்துபோயிருந்தது. பிழை ரைபிளில், திட்டு வாங்கியது பிள்ளை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 170 மீற்றர் வேகத்தில் போகும் சன்னம் 10 மீற்றர் தூரத்தைக் கடப்பதற்குள் 17 மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது. 150 மீற்றர் வேகத்தில் அதுவே ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். எயார் ரைபிள் இலக்கின் நடுவில் இருக்கும் 10 என்ற புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர்தான். அதன்பின் ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீற்றர் தள்ளி வருகிறது. ஆக, கை துளியும் அசையாமல் சுட்டாலும் 10 விழ வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 9தான் விழும். தகுதிச் சுற்றில் 60 சூடு. அதிலும் இப்போது தசமத்தில் புள்ளி போடுகிறார்கள். அந்தப் பிள்ளை எப்படி மேலே வருவாள்?

மலையில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழும்புப் பாடசாலைகளுக்கு இது தோன்றவே தோன்றாது. எங்களிடம் உள்ளவை பழைய, பக்க நெம்புகோலை இழுத்து மூடிக் காற்றை அமுக்கும் ரைபிள்கள். அவை அமுக்குவது மண்டபத்தில் இருக்கும் காற்றைத்தான். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே நெம்புகோல், அதே இழுப்பு, ஆனால் உள்ளே போகும் காற்று குறைவு. சன்னத்தின் வேகமும் குறைகிறது. இங்கே ரைபிளின் குறிபார்க்கும் சாதனத்தைச் சரிசெய்துவிட்டுக் கொழும்புக்குப் போனால் சன்னம் மேலே விழும். வருடா வருடம் எங்கள் பிள்ளைகள் கீழே இறங்கியதும் முதல் சில சூடுகளை இப்படித்தான் இழக்கிறார்கள். புதிதாக வரும், 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் காற்றை அடைத்த ரைபிள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு அவை கிடைக்க இன்னும் காலம் ஆகும். அதுவரை, பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோகக்கூடிய ஒரு கருவி இருந்தால் அங்கே போய் இறங்கியவுடன் அளந்து, எவ்வளவு மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது நீங்கள் தெரிவுசெய்த கருவிக்கு வருகிறேன். அது முக்காலியில் நிறுத்தி, இரண்டு ஒளிக்கண்களுக்கு மேலே கம்பியில் வெள்ளைத் தகடுகளைப் பொருத்தும் வகை. சன்னம் முதல் கண்ணைக் கடக்கும்போது விழும் நிழலும் இரண்டாவது கண்ணைக் கடக்கும்போது விழும் நிழலும் பதிவாகின்றன. இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் பிரித்தால் வேகம். அமெரிக்காவில் 100 டொலர் சுற்றில் கிடைக்கிறது, வெட்டவெளியில் வெயில் உள்ள நாட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது வானத்து வெளிச்சத்தை நம்பிப் பிறந்த கருவி.

எங்கள் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை, நான்கு டியூப் லைட். எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. பழைய டியூப் லைட் அதற்கு இரட்டிப்பாக, செக்கனுக்கு 100 தரம் மினுங்குகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, கருவியின் கண்ணுக்குத் தெரியும். சன்னமே போகாமல் எண் காட்டும், போனால் பிழையாகக் காட்டும். வெளியே மைதானத்தில் வைக்கலாமே என்றால், மாலை இரண்டு மணிக்குப் பிறகு மூடுபனி இறங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெளிச்சம் மாறும் ஊர் இது. இங்கே படித்த உங்களுக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. தவிர, பாடசாலை மைதானத்தில் துப்பாக்கியை வெளியே எடுப்பதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன்.

இந்த வகையில் இன்னொரு சிக்கல்: ஒளிக்கண்களுக்கு மேலே கை அகலத்துக்குள் சுட வேண்டும். அனுபவமுள்ளவர்களே தங்கள் கருவியைச் சுட்டு உடைத்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை உடைத்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பொருத்தமானது தானே வெளிச்சம் போட்டுக்கொள்ளும் வகை. குழல் முனையிலோ அதற்கு முன்னாலோ வைக்கும் சிறிய பெட்டி. உள்ளே அகச்சிவப்பு விளக்குகளும் அவற்றுக்கு எதிரே கண்களும் இருக்கும். வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்வெட்டு வந்தாலும் அதற்குக் கவலையில்லை, பற்றரியில் ஓடும். விலையும் நீங்கள் ஒதுக்கியதற்கு மேலே போகாது. இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்களுக்கும் இடையே சில சென்ரிமீற்றர்தான். 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் அரை மில்லிமீற்றர் பிசகினாலே வேகம் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கிட்டப் பிழையாகும். 170 என்று காட்டுவது உண்மையில் 171 ஆகவோ 169 ஆகவோ இருக்கலாம். ஆனால் அந்தப் பிசகு ஒவ்வொரு சூட்டிலும் ஒரேமாதிரி வரும். எனக்கு வேண்டியது ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் உள்ள வித்தியாசமும், ஹட்டனுக்கும் கொழும்புக்கும் உள்ள வித்தியாசமும். அதற்கு இது போதும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள்: 4.5 மில்லிமீற்றர் சன்னத்தைப் பிடிக்கும் என்று தயாரித்தவரே எழுதியிருக்க வேண்டும். எங்கள் ரைபிளின் குழல் முனைக்குப் பிடி பொருந்த வேண்டும். பிளாஸ்டிக் உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கிக்கென்றே செய்தவை இணையத்தில் நிறைய விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றில் ஏமாந்துவிட வேண்டாம்.

டொரொன்டோவில் இருக்கும் தம்பி ஒருவர் ராடார் வகையை அனுப்புவதாகச் சொன்னாராம். அவருடைய அன்புக்கு நன்றி. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹோர்ன் சத்தத்தின் சுருதி மாறுகிறதல்லவா? அதே தத்துவம்தான், சத்தத்துக்குப் பதில் நுண்ணலை. வெளிச்சமும் வேண்டாம், குழலையும் தொடாது, ரைபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். கார்மின் நிறுவனத்தின், 2023 இல் வந்த ஸீரோ C1 உள்ளங்கையில் அடங்கும். வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 600 டொலர். உண்மையில் இருப்பவற்றில் சிறந்தது இந்த வகைதான். ஆனால் அலை அனுப்பும் கருவியை நாட்டுக்குள் கொண்டுவருமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுங்கத்தில் முடங்கினால் எடுக்க அலைய ஆளில்லை. அந்த 600 டொலர் இருந்தால் நான்கு ரைபிளுக்கும் சீல் மாற்றிவிட்டு, ஒரு வருடத்துக்குச் சன்னமும் வாங்கலாம். எனக்கு அதுவே முக்கியம்.

காந்தப் புலத்தால் அளக்கும், குழலுக்குக் கீழே கட்டும் வகை ஒன்றும் உங்கள் பட்டியலில் இருந்தது. குழலில் எடை தொங்கினால் சன்னம் விழும் இடமே மாறும். அது வேண்டாம்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எங்களிடம் வழி இருக்கிறது. 1742 இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் தொங்கவிட்ட மரக்கட்டைக்குள் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணித்தார். உயர்தரப் பௌதிகவியலில் உந்தக் காப்பு என்று எல்லோரும் படித்ததுதான். 200 கிராம் களிமண் கட்டியை 1 மீற்றர் நூலில் தொங்கவிட்டு, அரைக் கிராம் ஈயச் சன்னத்தை 170 மீற்றர் வேகத்தில் சுட்டால் கட்டி 14 சென்ரிமீற்றர் அளவில் பின்னால் போகும். அளவுகோலால் அளக்கக்கூடிய தூரம். கருவி வந்த முதல் வாரமே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, தடுப்புக்குப் பின்னால் நின்று, இரண்டு எண்களையும் ஒப்பிடப் போகிறேன். உங்களில் கொழும்புக்குப் போய்ப் பொறியியல் படித்தவர்கள் அன்று வந்து நின்றால் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம் ஒரு கொப்பி. ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு பக்கம். மாதம் ஒரு தரம் 10 சூடு. கூடிய வேகம், குறைந்த வேகம், எந்தத் தகரத்துச் சன்னம், அன்றைய குளிர். எழுதுவது பிள்ளைகள், கையெழுத்து நான். ஒரு பிள்ளையின் புள்ளி இறங்கினால் முதலில் அந்தக் கொப்பியைத் திறந்து பார்ப்பேன், அதன் பிறகுதான் பிள்ளையோடு பேசுவேன்.

வரும் சனிக்கிழமை கூட்டத்தில் நீங்கள் ஓடர் கொடுக்கத் தீர்மானம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அந்த மாணவியின் பழைய இலக்குத் தாள்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவற்றைக் கொண்டுவந்து மேசையில் விரிக்கிறேன். மேலிருந்து கீழாக ஓடும் அந்த ஓட்டைகளை நீங்களே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அன்புடன்,
பௌதிகவியல் ஆசிரியர்,
துப்பாக்கிச் சுடுதல் அணிப் பொறுப்பாசிரியர்