நடமாடும் நூலகத்தில் தமிழுக்கு ஒரே ஒரு பெட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், தன்னார்வலர்கள் சிலர் பழைய வேன் ஒன்றில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பின்கதவைத் திறந்து கீழே பாய் விரிப்பதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து படக்கதைகளைப் பிரித்துவிடுகிறார்கள். கைப்பேசியை விட்டால் வேறு உலகம் தெரியாது என்று நான் நினைத்திருந்த என் பேரன், சென்ற மாதம் ஒரு யானைக் கதையை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினான். மூன்றாம் முறை புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனால், மலாய், ஆங்கில நூல்கள் அடுக்கடுக்காக இருக்கும் அந்த வேனில் தமிழ் நூல்கள் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன; அவற்றிலும் பாதி, யாரோ விடையெழுதி முடித்த தேர்வுப் பயிற்சி நூல்கள். தன்னார்வலர்களைக் குறை சொல்வதற்கில்லை; கிடைப்பதைத்தானே அவர்கள் கொண்டுவர முடியும். 1931-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற மரபு நம்முடையது. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும், பரிசளிப்பு விழாக்களில் கோப்பைகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு சிறுவர் கதை நூல்களை வாங்கி, இத்தகைய வேன்களுக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி நூல்கள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்