மாணவிகளைப் பட்டினிக்குத் தூண்டும் இணையக் குழுக்கள் மீது நடவடிக்கை கோரி மனு

அனுப்புநர்
ஒரு மாணவியின் தாய், சத்துணவு அமைப்பாளர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் பதினான்கு வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் சொந்த மகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. முடி கொட்டியது. வேலூர் வெயிலில் குளிருகிறது என்று போர்வை கேட்டாள். மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை. பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அனோரெக்சியா என்றார்; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய். மனநோய்களிலேயே அதிகமாக உயிரை வாங்கும் நோய்களில் இதுவும் ஒன்றாம்.

அப்புறம்தான் அவளுடைய செல்போனைப் பார்த்தேன். எடை குறைப்பது பற்றிய முதல் வீடியோவை அவளே தேடியிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் செயலி தானாகக் கொண்டுவந்து காட்டியவை. ‘உனக்குப் பிடிக்கலாம்’ என்று ஒரு குழுவையும் காட்டியிருக்கிறது. முகம் தெரியாத பிள்ளைகள் ஒருவரையொருவர் பட்டினி கிடக்கச் சொல்லி உற்சாகப்படுத்தும் குழு அது. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்ட பெண் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பதினான்கு வருடம் சோறு பரிமாறிய கையோடு அதைப் படித்தேன் ஐயா.

யாரோ போடுவதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று நிறுவனங்கள் கேட்கின்றன. போட்டது யாரோதான். அதை என் மகளிடம் கொண்டுவந்து சேர்த்தது அவர்களுடைய செயலி. உடம்பை நினைத்து வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராமால் அந்த வருத்தம் கூடியதாகச் சொன்னதை அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே பதிவு செய்திருந்தது. 2021 செப்டம்பரில் அது வெளியே வந்தது. அழுத்தம் வந்தால் இவர்களால் செய்ய முடியும் என்பதும் தெரிந்ததுதான். ஐரோப்பிய அரசுகள் கேள்வி கேட்ட பிறகு 2025 ஜூனில் டிக்டாக், மிக ஒல்லியாக இருப்பதைப் புகழும் வீடியோக்களுக்கான ‘ஸ்கின்னிடாக்’ என்ற தேடலை உலகம் முழுக்க முடக்கியது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. குழந்தைக்குத் தீங்கானதைப் பயனர்கள் பதிவிடாமல் தடுக்க நிறுவனங்கள் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. நானும் புகார் செய்தேன். படிவம் முழுக்க ஆங்கிலம். பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பிதான் நிரப்பிக் கொடுத்தான். ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று இரண்டே நாளில் பதில் வந்தது. 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம் என்பது, அந்த நாள் கடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போனைப் பிடுங்கிவிடு என்கிறார்கள். சரி, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது?

ஆகவே, இந்த மனுவைத் தங்கள் பரிந்துரையோடு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு அனுப்பி, இத்தகைய குழுக்களைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில், பெற்றோருக்கு இணையப் புகாரும் மேல்முறையீடும் எழுதித் தர ஒருவரை உட்கார வையுங்கள். இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களைக் கொண்டு ஆசிரியர்களுக்கும் எங்களைப் போன்ற சத்துணவு ஊழியர்களுக்கும் இந்த நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் நாங்கள்தான். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எல்லாப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்திலும் எழுதி வைக்க உத்தரவிடுங்கள்.

என் மகள் சிகிச்சையில் இருக்கிறாள். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. அதன் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறேன். அதில் உள்ள பிள்ளைகளின் பெயர்களை மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்