அப்பாவின் பெயரில் இரண்டு ஆண்டுகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டில் இரண்டு ஆண்டு ஊழியத்தை முடித்துக்கொண்டு 2025 பிப்ரவரியில் கோவை திரும்பினேன். வந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடலை, எட்டு மாதங்கள் கழித்து, ஆயுத பூசை முடிந்த வாரத்தில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வெளியார் மார்மன் சபை என்று அழைக்கும் எங்கள் சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பதினெட்டு வயது நிறைந்த இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும், இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும், சம்பளம் எதுவும் இல்லாமல், சபை அனுப்புகிற ஊருக்குச் சென்று ஊழியம் செய்வது இதில் வழக்கம். ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு வந்த கடிதத்தில் பிலிப்பைன்ஸ் என்றிருந்தது. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதையே அன்றிரவுதான் பார்த்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து பலரும் "அங்கே எத்தனை பேரைச் சேர்த்தாய்?" என்று கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. எனக்குச் சோறு போட்டவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. அவர்களுக்கும், என்னை அனுப்பி வைத்தவர்களுக்கும் நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி கோவையில் உள்ளவர்களுக்கு. ஊழியத்துக்கு விண்ணப்பிப்பவர் மருத்துவச் சான்றிதழோடு பல் மருத்துவரின் சான்றிதழும் தர வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சொத்தைப் பல் நான்கு இருந்தன. சபைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பல் மருத்துவர் அம்மையார், என் தாயாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்கையும் அடைத்து மருந்துச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார். எட்டு வெள்ளை அரைக்கைச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரர், "மழை நாடு தம்பி, தையல் விட்டுவிடும்" என்று ஒவ்வொரு ஓரத்தையும் இரட்டைத் தையலாகப் போட்டுத் தந்தார். எட்டில் ஆறு சட்டைகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. பணத்தையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் ஓர் இளைஞரின் குடும்பம் அவருடைய செலவுக்காக மாதம் 400 டாலர் கட்டுகிறது. எங்கள் வீட்டால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் கட்ட முடிந்தது. மீதியை உலகெங்கும் உள்ள சபையார் கொடுக்கும் ஊழிய நிதி ஏற்றுக்கொண்டது. அந்த நிதிக்குக் கொடுத்தவர்கள் யார் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அவர்களில் ஒருவர் தமிழ் படிப்பவராக இருந்தால், இந்த வரி அவருக்கானது.

மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டியில் உள்ள பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் தங்கித் தகலாகு மொழியைக் கற்றேன். 1984இல் திறக்கப்பட்ட மணிலா ஆலயம் அதற்கு எதிரிலேயே இருக்கிறது. எங்கள் சபையில் வாராந்தர வழிபாட்டுக் கூடம் வேறு, சிறப்புச் சடங்குகளுக்கான ஆலயம் வேறு. இந்தியாவுக்கான முதல் ஆலயம் பெங்களூருவில் கட்டப்படும் என்று 2018இல்தான் அறிவித்தார்கள் என்பதால், என் வாழ்நாளில் நான் நுழைந்த முதல் ஆலயம் மணிலாவினுடையதே. அங்கே எனக்கு மொழி கற்பித்த ஆசிரியை, வயதில் என்னைவிட மூன்று ஆண்டுகள்தாம் மூத்தவர், மிகுந்த பொறுமைசாலி. பெரியவர்களிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் 'போ' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அமெரிக்க மாணவர்கள் திணறினார்கள். எனக்கோ அது எங்கள் கொங்குப் பேச்சின் 'ங்க' என்று உடனே புரிந்துவிட்டது. முகத்தை 'முகா' என்கிறார்கள், ஆசிரியரை 'குரோ' என்கிறார்கள், மாங்காயை 'மங்கா' என்கிறார்கள், முருங்கையை 'மலுங்காய்' என்கிறார்கள். இவற்றைக் கேட்ட பிறகு அந்த மொழியைக் கண்டு எனக்கு அச்சம் போய்விட்டது. வினைச்சொற்கள் வேறு கதை. அவை இரண்டு ஆண்டுகளிலும் எனக்கு முழுதாக வசப்படவில்லை.

பயிற்சி முடிவில் சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் கறுப்புப் பெயர்ப்பட்டையைத் தந்தார்கள். 'எல்டர்' என்ற பட்டத்துக்குப் பின் குடும்பப் பெயரும், கீழே சபையின் பெயர் தகலாகிலும் இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். பத்தொன்பது வயதுப் பையனை மூப்பர் என்று அழைப்பது ஒரு வேடிக்கை என்றால், எனக்குக் குடும்பப் பெயரே இல்லாதது இன்னொரு வேடிக்கை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. ஆகவே இரண்டு ஆண்டுகளும் நான் மூப்பர் இன்னார் என்று அப்பாவின் பெயராலேயே அழைக்கப்பட்டேன். நான் ஊழியம் செய்த லகூனா மாகாணத்தின் சந்துகளில் சிறுவர்கள் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். அம்மாகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது.

அன்றாட ஒழுங்கைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். காலை 6:30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. வெளியே கிளம்பப் பத்து மணியாகும். இரவு ஒன்பது ஒன்பதரைக்குள் வீடு திரும்பி, 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். வாரத்தில் திங்கள்கிழமை மட்டும் துவைக்கவும், காய்கறி வாங்கவும், வீட்டாரோடு பேசவும் ஒதுக்கப்பட்ட நாள். எப்போதும் இருவர் இருவராகவே இருக்க வேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் இணை ஊழியரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போகக்கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். யார் எந்த ஊர், யாரோடு யார் என்பது அப்போது தெரியும். வாளித் தண்ணீரைக் குவளையில் மொண்டு குளிப்பதும் மூன்று வேளையும் சோறு உண்பதும் என் அமெரிக்க இணைகளுக்குச் சோதனையாக இருந்தன. எனக்கு அவை வீட்டில் இருப்பது போல. என் சோதனை வேறு வகையில் வந்தது. ஓர் இணை ஊழியரின் தகலாகுப் பிழையை நான் ஒரு குடும்பத்தார் முன்னிலையில் திருத்திவிட்டேன். மூன்று நாட்கள் நாங்கள் ஜெபத்தைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. பிழை அவருடையது, குற்றம் என்னுடையது. முறையாக மன்னிப்புக் கேட்பதற்குள் இடமாற்றம் வந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் தனியே எழுதிவிட்டேன் என்றாலும், அந்த மூன்று நாட்களும் எனக்கும் சேர்த்துச் சோறாக்கி வைத்த அவருக்கு இங்கேயும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அங்கே வீட்டு வாசலில் நின்று "தாவ் போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். 'மனிதர் வந்திருக்கிறேன் ஐயா' என்பது போன்ற பொருள். நாடு பெரும்பாலும் கத்தோலிக்கர்களுடையது. எங்கள் செய்தியை விரும்பாதவர்களே மிகுதி. ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு வராது. "அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள். நாமும் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு இதே சொல்லைச் சொல்லுகிறவர்கள்தாம். ஆனாலும் அதை நம்பி நான்கு மாதங்கள் பல வாசல்களில் காத்துக் கிடந்தேன். வேண்டாம் என்று நினைத்தவர்கள்கூட உண்ணாமல் அனுப்பியதில்லை. தெருவில் போகிறவரைப் பார்த்து "காயின் தாயோ", அதாவது வாருங்கள் சாப்பிடலாம், என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அங்கே ஒருவர் கவளத்தை வாயில் வைப்பார்.

சான் பாப்லோ நகரில், ஏழு ஏரிகளில் ஒன்றின் கரையோரம், ஒரு பாட்டியம்மாள் இருந்தார். நாங்கள் போன முதல் நாள் பக்கத்து மாகாணமான பத்தாங்காஸின் கடுங்காப்பியைக் கலந்து வைத்தார். 1833இல் தரப்பட்டதாக எங்கள் சபை போற்றும் 'ஞான வார்த்தை'யின்படி நாங்கள் காப்பியும் தேநீரும் குடிப்பதில்லை. கோவையில் என் சொந்தப் பாட்டியே இதை மன்னிக்கவில்லை என்பதால், மறுக்கும்போது எனக்கு நா எழவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் போனபோது, அரிசியைக் கறுகும் வரை வறுத்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரை போட்டு வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் தன் தாய் காப்பிக்குப் பதிலாகக் கொடுத்தது என்றார். அன்று முதல் அந்த ஊரை விட்டு நான் மாறும் வரை ஒவ்வொரு வாரமும் அது இருந்தது. அவர் எங்கள் சபையில் சேரவில்லை. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாட்கள் விடியலுக்கு முன் நடக்கும் கிறிஸ்துமஸ் திருப்பலிகளில் ஒன்றையும் தவறவிட்டதுமில்லை. எங்கள் வீட்டு வாசலில் மார்கழிக் கோலம் தொடங்குகிற அதே நாளில் அவரும் இருட்டில் எழுந்து நடக்கிறார் என்று அம்மாவுக்கு எழுதினேன். எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் என் சட்டைக் காலர்களின் நிலையைச் சகிக்காமல், சோப்புப் போட்ட வெள்ளைத் துணியைத் தகரத்தின் மேல் வெயிலில் பரப்பி அழுக்கைப் போக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தது. இரத்தத் தட்டுகள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாது. எனக்கு 48,000க்கு இறங்கின. அப்போது டோங்கா தீவைச் சேர்ந்த ஒருவர் இணையாக இருந்தார். நடக்க முடியாத என்னை மாடிப்படியில் தூக்கி இறக்கி, மருத்துவமனையில் ஐந்து இரவுகள் நாற்காலியில் உறங்கினார். ஊழியத் தலைவரின் மனைவி காலையும் மாலையும் என் தாயாரை அழைத்து, எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னார். அவ்வூர்ச் சபைக் கிளையைச் சேர்ந்த ஒருவர் 'தாவா தாவா' என்று ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். இலையைப் பார்த்தால் நம் வாய்க்கால் வரப்பில் முளைக்கும் அம்மான் பச்சரிசி. என்னைத் தேற்றியது மருத்துவர் ஏற்றிய நீர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இலையைப் பார்த்தபோதுதான் நோய் வந்த பிறகு முதல்முறையாக அழுதேன்.

அதே மாகாணத்தில் லாஸ் பான்யோஸ் என்ற ஊர் இருக்கிறது. 1960இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் உள்ளது, எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். 1966இல் அங்கிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லை என் தாத்தா பவானி ஆற்றுப் பாசனத்தில் நட்டவர். கிளையைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற பண்ணைத் தொழிலாளியிடம் இதைச் சொன்னபோது, அடுத்த திங்கட்கிழமை எங்களைத் தம் செலவில் ஜீப்னி என்னும் அந்நாட்டுச் சிறு பேருந்தில் அழைத்துப் போய், சாலையோரத்திலிருந்து அந்த வயல்களைக் காட்டினார். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அவருக்குத் தனியே ஒரு மடல் எழுதியிருப்பார்.

இனி அப்பாவுக்கு. அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர். நான் போவதில் அவருக்கு விருப்பமில்லை. அதைவிட அவரை வருத்தியது மீசை. ஊழியர்கள் முகத்தை முழுதாக மழித்திருக்க வேண்டும். தகப்பன் உயிரோடிருக்கையில் மகன் மீசையை எடுப்பதை நம் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது தமிழர்களுக்குத் தெரியும். இரண்டு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு "வா" என்று தம் சலூனுக்கே அழைத்துப் போய், முடிதிருத்துபவர் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தபோது "எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு, முடியும் வரை பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

முன்பெல்லாம் ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு பேச முடியும்; 2019இலிருந்து வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றினார்கள். அங்கே திங்கள் காலை எட்டரை என்றால் கோவையில் ஆறு. அப்பா பட்டறை திறக்கக் கிளம்பும் நேரம். செருப்பை மாட்டிக்கொண்டே "சாப்பிட்டாயா?" என்று கேட்பார், வேறெதுவும் கேட்க மாட்டார். நூறு வாரங்களில் ஒரு வாரமும் அந்தக் கேள்வி தவறவில்லை.

திரும்பி வந்த அன்று பெயர்ப்பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவருக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த மடல் இத்தனை மாதங்கள் கிடந்தது. சென்ற வாரம் ஆயுத பூசைக்குப் பட்டறைக்குப் போனேன். லேத்துக்கும், துளையிடும் எந்திரத்துக்கும், அளவுகோல்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மேசை மேல், வெர்னியர் காலிபருக்குப் பக்கத்தில், என் பெயர்ப்பட்டை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் பெயருக்கு மேலே ஒரு சிறு சந்தனப் பொட்டு.

மீசை பாதி வளர்ந்துவிட்டது, அப்பா. நன்றி.

இப்படிக்கு,
உங்கள் அனைவரின் அன்புக்கும் கடன்பட்ட,
கோவைக் கிளையின் முன்னாள் ஊழியன்
அக்டோபர் 2025