கோளா, கோளாறா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் அறிவியல் பக்கத்தில் ‘51 ஒளியாண்டு தூரத்திலிருந்து நம்மை அழைக்கும் கிரகம்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது ‘வேற்றுக்கிரகவாசிகள் பேசிவிட்டார்கள்’ என்று ஆகிவிட்டது. என் மச்சான் இன்னும் அதை விட்டபாடில்லை.

யாரும் அழைக்கவில்லை ஐயா. டௌ பூட்டிஸ் என்ற நட்சத்திரத்தை வெகு நெருக்கத்தில், 3.3 நாளுக்கு ஒரு முறை, வியாழனைவிட எடை கூடிய ஒரு கோள் சுற்றி வருகிறது. நெதர்லாந்தில் வயல்வெளிகளுக்கு நடுவே பரப்பி வைத்திருக்கும் லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்களில் அந்தத் திசையிலிருந்து 14 முதல் 21 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ இரைச்சல் பதிவானதாக, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேக் டர்னர் குழு 2020 டிசம்பரில் அறிவித்தது. அதுவரைக்கும் உங்கள் செய்தி சரி. அதே குழு பின்னால் மறுபடி அந்தத் திசையைக் கேட்டபோது ஒன்றும் வரவில்லை என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள். வந்தது கோளா, நட்சத்திரமா, கருவிக் கோளாறா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததே அவர்கள் அதற்கு முன்னால் செய்த சோதனைதான்: நம் வியாழனின் இரைச்சலைப் பதிவு செய்து, அது பல ஒளியாண்டு தள்ளி இருந்தால் எவ்வளவு மெலிந்து போயிருக்குமோ அவ்வளவுக்கு மெலியவைத்து, வெற்று வானத்தின் பதிவில் கலந்துவிட்டு, தங்கள் மென்பொருளுக்கு அது அகப்படுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். செய்தியில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இந்த இரைச்சல் எப்படி வருகிறது, எதற்கு உதவும் என்றும் நீங்கள் சொல்லவில்லை. கோளின் காந்தப்புலத்தில் மாட்டிய எலக்ட்ரான்கள் சுழல்வதால் வருவது இது. காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு காஸ்; ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கு. வியாழனின் ஒலிபரப்பு ஏறக்குறைய 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, வகுத்தால் 14 காஸ் வரும். எங்கோ இருக்கும் கோளின் காந்தப்புலத்தை நேராக அளக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் பூமி மாதிரி ஒரு காஸுக்கும் குறைவான கோள் என்றால் அதன் இரைச்சல் நம் அயனிமண்டலத்தையே (வளிமண்டலத்தின் மேல் பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு) தாண்டி உள்ளே வராது, நிலவின் மறுபக்கத்துக்குத்தான் போய்க் கேட்க வேண்டும்.

சந்தேகப்படுவது இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க்கும் ஃபிராங்க்ளினும் 22.2 மெகாஹெர்ட்ஸில் வியாழனை முதன்முதலாகக் கேட்டபோது, பண்ணையாள் யாரோ ராத்திரி வீட்டுக்குப் போகும் வண்டியின் சத்தம் என்றுதான் நினைத்தார்களாம். நானும் மொட்டை மாடியில் துணிக்கொடிக்கும் தென்னைமரத்துக்கும் நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, பழைய ஷார்ட்வேவ் ரேடியோவில் இதே வேலையைப் பார்த்தவன். முக்கால்வாசி நாள் கேட்டது கீழ்வீட்டு இன்வெர்ட்டர்தான். ஒரே ஒரு ராத்திரி, அலை கரையில் வந்து விழுகிற மாதிரி ஏழெட்டு நிமிடம் ஒரு சத்தம். வியாழன்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்புறம், நம் நாட்டுக் கதையையும் சேர்த்திருக்கலாம். புனே பக்கம் நாராயண்காவில் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 தட்டுகளோடு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, அதை வைத்து 2009இல் ஹேட்-பி-11பி என்ற கோளைப் பிரெஞ்சு, இந்திய விஞ்ஞானிகள் கேட்டார்கள். 150 மெகாஹெர்ட்ஸில் மெல்லிசாக ஏதோ ஒன்று. கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறைந்தபோது அதுவும் மறைந்தது. பார்க்கிறவர்களுக்குப் புல்லரித்திருக்கும். அடுத்த வருடம் கேட்டபோது நிசப்தம். கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஒரு லேசான அறிகுறி’ என்கிற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள், ‘கண்டுபிடிப்பு’ என்று போடவில்லை.

மறுபடி கேட்டபோது வராமல் போனதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது, அதே பக்கத்தில் போடுங்கள். படம் எடுத்து மச்சானுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தென்காசி.