மைக் கொடுக்க ஆள் உண்டு, ஒப்பந்தம் படித்துச் சொல்லத்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கத்து ராப் பையன்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு ஒரே பாட்டில் மேலே வந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வருவதற்கு முன்னாலேயே, 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவோடு மேடை, அதே வருடம் சினிமாவில் பாட்டு, 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் என்று மனிதர் விடாமல் உழைத்திருக்கிறார் (அப்போது அரக்கோணம் நம்ம வேலூர் மாவட்டம்தான்).

நான் குடியாத்தம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். சிரசுத் திருவிழா, காலேஜ் விழா, எங்கே செட் போட்டாலும் ஒரு பையன் வந்து, "அண்ணா, ஒரே ஒரு பாட்டு, மைக் குடுங்கண்ணா" என்று நிற்பான். போனில் பீட்டை (பின்னணி இசையை) ஓடவிட்டு, தோல் ஷாப்பு, பாலாறு, வீட்டுக் கடன் என்று மூச்சு விடாமல் கொட்டுவான், சில பேர் அசத்திவிடுவார்கள்.

சிக்கல் அப்புறம்தான். யூடியூபில் 'ஃப்ரீ பீட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் காசு பார்க்காத வரைக்கும்தான் ஃப்ரீ. பாட்டு ஓட ஆரம்பித்ததும் பீட் எங்களுடையது என்று கிளெய்ம் வரும், விளம்பரக் காசு வேறு யாருக்கோ போய்விடும். காசு கொடுத்து லீஸுக்கு (பயன்படுத்த மட்டும் அனுமதி) வாங்கினாலும் அதே பீட்டை இன்னும் நாலு பேர் வாங்கியிருப்பார்கள்.

இதைவிட மோசம் ஒப்பந்தம். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரு கம்பெனி நீட்டிய ஆங்கிலத் தாளைப் படிக்காமலே, ஒரு போன் வாங்குகிற காசுக்கு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டான். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதில், வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பாட்டு ஓடுவதற்காக வரவேண்டிய ராயல்டி பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று இருக்கிறது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் இதில் சேராது. உரிமையை எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறோம் என்று தாளில் இல்லையென்றால் 5 வருடம்தான் கணக்கு. சரி, சட்டம் இருக்கிறது, பணம் தானாக வருமா? ஐ.பி.ஆர்.எஸ். மாதிரி, ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிற பதிப்புரிமைச் சங்கத்தில் சேர்ந்து பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும். முதல் பாட்டு போடுகிற பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

அடுத்த கட்டுரையில் இரண்டு பத்தியாவது, விஷயம் தெரிந்த ஒரு வக்கீலைக் கேட்டு எழுதுங்கள். வேலூரில் இதற்கென்று ஒரு கூட்டம் போட்டாலும் சரி, செட்டும் மைக்கும் நான் தருகிறேன், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்