நாலு கார்சியாவும் நம்ம இனிஷியலும்

மாட்ரிட்,
ஞாயிறு இரவு

டேய் மாப்ளே,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் படி. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்கு நாலாம் மாதத் தடுப்பூசி. நர்ஸ் "கார்சியா!" என்று கூப்பிட்டதும் நாலு பேர் எழுந்தார்கள். நம் வகுப்பில் "செந்தில்" என்றால் நடக்குமே, அதேதான். பட்டப்பெயர் வைத்துப் பிரிக்கத்தான் நீ இல்லை. ஸ்பெயினில் 14 லட்சம் பேருக்கு மேல் இதுதான் முதல் குடும்பப் பெயர். கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்காவை ஏன் அம்மா வழிப் பெயரால் வெறும் 'லோர்கா' என்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கார்சியா என்ற பெயர், ஸ்பெயினின் வடக்கே பேசும் பாஸ்க் மொழியில் 'கரடி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் சிலர், 'இளைஞன்' என்பார் சிலர். உன் முதுகைப் பார்த்தவன், நான் கரடி கட்சி.

விஷயம் அதுவல்ல. கார்சியா முதலில் ஆளுக்கு வைக்கிற பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் வட ஸ்பெயினின் பம்ப்லோனாவை ஆண்டவர் இன்யிகோ அரிஸ்தா. மகன் கார்சியா இன்யிகெஸ். பேரன் ஃபோர்த்தூன் கார்செஸ். பார்த்தாயா? அப்பன் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அசல் நம்ம இனிஷியல்! பிற்பாடு மாறுவது நின்று, அந்தந்தப் பெயரே குடும்பத்துக்கு உறைந்துபோய்விட்டது. உறைந்தது கப்பலேறி மெக்சிகோ வரை போனது. பிலிப்பைன்ஸில் இன்னும் கூத்து. 1849இல் அங்கிருந்த ஸ்பானியக் கவர்னர் க்ளாவெரியா பெயர்ப் பட்டியலையே ஊர் ஊராக அனுப்பி, ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊசி போட்ட நர்ஸ் மணிலாக்காரி. அவளும் கார்சியா! "எங்க வம்சத்தில் ஸ்பானியர் யாருமே இல்லை" என்று சிரித்தாள்.

பாப்பாவின் அட்டையைப் பார்த்து, "வேலாயுதம் உங்கள் பரம்பரைப் பெயரா?" என்றாள். இங்கே அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு கட்டம். என் பாஸ்போர்ட்டில் இருந்தபடி அப்பா பெயர் முதலாவதில், மாமனார் பெயர் இரண்டாவதில். எனக்கு இடமே இல்லை. அப்பா பேத்தியைப் பார்க்காமலே போனார், அவர் பெயராவது அவளோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "இல்லை, என் அப்பா பெயர்" என்றேன். "அவருக்கு முந்தியவர்?" என்றாள்.

தாத்தா கருப்பையா. அவருடைய அப்பா? 'பெ. கருப்பையா' என்று பத்திரத்தில் பார்த்த ஞாபகம். பெரியசாமியா, பெருமாளா? மூன்று நாளாகத் தூக்கமில்லை. எங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை.

உன் பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டு எழுது.

உன்,
வே. செந்தில் (ஒல்லி)